விழாத வார்டு

இங்வால்ட் நாற்காலியிலிருந்து பிட்டத்தை இரண்டு விரற்கடை தூக்கினால் போதும், மணி அடிக்கும். மெத்தைக்கு அடியில் ஒரு தகடு இருந்தது. அதன் மேலிருக்கிற கனம் குறைந்தால், வார்டே அதிர்கிற மாதிரி கூவும். கூவியதும் நர்ஸ் சீசெல் கையிலிருக்கிற எதையாவது போட்டுவிட்டு ஓடி வருவாள்.

"உக்காருங்க இங்வால்ட், உக்காருங்க. எங்க கிளம்பிட்டீங்க?"

"எங்கயும் இல்லம்மா. காத்து பிரிஞ்சுது."

"அதுக்காகவா தூக்கினீங்க?"

"மரியாதைக்கு."

சீசெல் மணியை அணைத்துவிட்டு மெத்தையைத் தட்டிச் சரிசெய்தாள். "அந்த மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. அடுத்த தடவை மரியாதை இல்லாமலே விடுங்க."

இங்வால்டுக்கு எண்பத்து மூன்று வயது. நிமோனியா என்று வந்து சேர்ந்தவர். வரும்போது சொந்தக் காலில் நடந்துதான் வந்தார். நுரையீரல் சரியாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் போன வாரமே சொல்லியாயிற்று. ஆனால் நுரையீரல் தேறத் தேற, கால் போய்க்கொண்டிருந்தது. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதற்கு எதற்குக் கால் என்று அதுவே ராஜினாமா செய்துவிட்ட மாதிரி இருந்தது.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் ப்ரேபென். விழுதல் தடுப்பு இயக்குநர். தலைநகரிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர். பனிமலை ஏறுகிறவர்கள் போட்டுக்கொள்கிற விலை உயர்ந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு, நாளுக்கு மூன்று தடவை துடைக்கப்படும் சமதரையில் நடப்பார். வயதானவர்கள் மருத்துவமனையில் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வது நாடு முழுக்க உள்ள தொல்லைதான். வேறு இடங்களில் கைப்பிடி வைத்தார்கள், கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார்கள், தூக்க மாத்திரையைக் குறைத்தார்கள், கையைப் பிடித்து நடக்க வைத்தார்கள். ப்ரேபென் சிந்தனையாளர். நிற்காதவன் விழமாட்டான் என்று கண்டுபிடித்தார்.

அதிலிருந்து எல்லாருக்கும் மஞ்சள் காலுறை, பாதத்தடியில் ரப்பர் புள்ளி வைத்தது. எல்லாருக்கும் பள்ளமான நாற்காலி. அதில் உட்கார்வது கிணற்றில் இறங்குகிற மாதிரி, எழுவது கிணற்றிலிருந்து ஏறுகிற மாதிரி. வாசலில் விழுந்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்ல ஒரு பலகை, அதில் ஆள் உயரத்துக்கு ஒரு பூஜ்யம். ஊர்க்காரர்கள் பூஜ்யத்தை வானிலை அறிக்கையில், குளிரின் அளவாகத்தான் பார்த்துப் பழகியவர்கள். பலகையைக் கடக்கும்போதெல்லாம் பழக்கதோஷத்தில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்கள்.

இங்வால்டுக்கு விழுதல் ஒன்றும் புதிதல்ல. முப்பது வருஷம் ஸ்கீ தாவல் போட்டிகளுக்கு நடுவராக இருந்தவர். பையன்கள் மலைச்சரிவில் சறுக்கி வந்து, காற்றில் பறந்து, கீழே எப்படி இறங்குகிறார்கள் என்று பார்த்து மதிப்பெண் போடுகிற வேலை. குப்புற, மல்லாக்க, பக்கவாட்டில், உருண்டு, புரண்டு என்று மனிதன் தரையை அடைகிற வழிகள் அத்தனையும் அவருக்கு அத்துப்படி. எதிர் நாற்காலியில் யோருன் அம்மாள். ஓய்வுபெற்ற தபால் நிலைய அதிகாரி. ஊரில் யாருக்கு யார் கடிதம் எழுதினார்கள் என்று நாற்பது வருஷம் பார்த்தவர். பார்த்ததில் ஒன்றையும் இன்றுவரை மறக்காதவர். அவர் இங்வால்டை "நடுவரே" என்பார். இவர் அவரை "போஸ்ட்மாஸ்டர்" என்பார். இருவருக்கும் வேறு பொழுதுபோக்கு கிடையாது.

மே பதினேழாம் தேதி, தேசிய நாளன்று, வார்டுக்கு விருது தருவதாக ஏற்பாடு. மேயரே வந்து பட்டயம் கொடுப்பார். அதற்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் யோருன் அம்மாளின் நூல் உருண்டை மடியிலிருந்து நழுவி ஓடியது.

மணி அடித்தது. சீசெல் வந்து பார்த்தபோது அம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தார், கையில் நூல் உருண்டையோடு. தூக்கப் போனவளைப் பின்னாலிருந்து ஒரு குரல் நிறுத்தியது.

"யாரும் தொடாதீங்க!"

ப்ரேபென். அவர் முகம் சுவரைப் போல வெளுத்திருந்தது. அம்மாளுக்கு அடிபட்டதா என்று அவர் கேட்கவில்லை. குனிந்து, குரலைத் தாழ்த்தி, "யோருன், நீங்க விழுந்தீங்களா, இல்ல உக்காந்தீங்களா?" என்றார்.

"உக்காரலாமான்னு யோசிச்சேன். யோசிச்சு முடிக்கறதுக்குள்ள உக்காந்துட்டேன்."

"ஆக, உக்காரணும்ங்கற நோக்கம் இருந்திருக்கு."

"நோக்கமெல்லாம் நூல் உருண்டை மேல இருந்துச்சு. பிட்டம் தானா முடிவெடுத்துது."

ப்ரேபென் நிமிர்ந்தார். வாசலிலிருந்த பூஜ்யத்தைப் பார்த்தார். தரையிலிருந்த அம்மாளைப் பார்த்தார். இரண்டில் எதைக் காப்பாற்றுவது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. எப்படி என்பதில்தான் குழப்பம். கடைசியில் திரும்பி, "இங்வால்ட், நீங்க இதுல நிபுணர் இல்லையா? ஒரு நடுவரா உங்க அபிப்பிராயம் என்ன?" என்றார்.

"முதல்ல அந்தம்மாவைத் தூக்குங்க, அப்புறம் சொல்றேன்."

"முடிவு தெரியற வரைக்கும் நகர்த்தக் கூடாது."

"யோவ் நடுவரே, சீக்கிரம் சொல்லித் தொலையும்" என்றார் யோருன் அம்மாள். "தரை ஜில்லுனு ஏறுது."

இங்வால்டுக்கு எரிச்சல். எரிச்சலில் வந்த குறும்பு. "எங்க விளையாட்டுல ஒரு விதி உண்டு. இறங்குற இடத்தைத் தாண்டி குறுக்கால ஒரு கோடு போட்டிருப்போம். கோட்டுக்கு முன்னால விழுந்தா விழுந்ததுதான். கோட்டைத் தாண்டிட்டு விழுந்தா, மூஞ்சி பேந்துபோனாலும் அது விழுந்ததா கணக்கில்ல. அரைப் புள்ளிகூடக் குறைக்க மாட்டோம்."

கிண்டலாகத்தான் சொன்னார். கிண்டலை இயக்குநர்களிடம் செய்யக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ப்ரேபெனின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவிற்று. யோருன் அம்மாள் "விருப்பத்தின் பேரில் தரையில் ஓய்வெடுத்ததாக" முடிவாகித் தூக்கி உட்கார வைக்கப்பட்டார். மறுநாள் காலை வார்டு வாசற்படியில், சுவரிலிருந்து சுவருக்கு, சிவப்புப் பட்டை ஒட்டியிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் ப்ரேபெனின் ராஜ்யம். அந்தப் பக்கம் நடைகூடமும் மாடிப்படியும். அது கட்டடப் பராமரிப்புத் துறைக்குச் சொந்தம். அங்கே யார் விழுந்தாலும் அது கட்டடத்தின் பிரச்சினை.

"ரொம்ப நல்லா இருக்கு நடுவரே" என்றார் யோருன் அம்மாள். "வாயை வெச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியலையா உமக்கு?"

பதினாறாம் தேதி மத்தியானம் குன்வோர் வந்தாள். நகராட்சியில், ஆஸ்பத்திரியிலிருந்து யார் வீட்டுக்குப் போகலாம், யார் முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டும் என்று முடிவுசெய்கிறவள். சின்ன ஊர். அவளுடைய அப்பா பழைய தாவல் வீரர். இங்வால்ட் ஒரு தடவை அவருக்கு இருபதுக்குப் பதிமூன்று மதிப்பெண் போட்டது இரண்டு குடும்பத்துக்கும் ஞாபகம் இருந்தது.

"எங்கப்பா இன்னும் அதைப் பத்திப் பேசறார்" என்றாள், கோட்டைக் கழற்றாமலே.

"கையை ஊணினாரு. பதிமூணே அதிகம்."

"சரி. அது வேற, இது வேற. எழுந்து நில்லுங்க, பார்ப்போம்."

இங்வால்ட் கைகளை நாற்காலியில் ஊன்றி எழும்பினார். மணி கூவியது. அவர் முட்டி நிமிர்வதற்குள் ப்ரேபென் வந்து தோளைப் பிடித்து அமுக்கிவிட்டார். "இல்ல, இல்ல, இல்ல. நாளைக்கு விழா முடியற வரைக்கும் இங்க யாரும் நிக்கறதில்ல."

"நான் இவர் நிக்கறதைப் பார்த்தாகணும்" என்றாள் குன்வோர். "படி ஏறுறதையும். இவர் வீட்டு வாசல்ல படி இருக்கு."

"அதுக்கப்புறம் தாராளமாப் பாருங்க."

"அதுக்கப்புறம் நேரமில்ல. இல்லத்துல ஒரு அறை காலியாகியிருக்கு. நாளைக்கு லீவு. நாளன்னிக்குக் காலையில முதல் வேலையா முடிவு அனுப்பணும். நிக்கறதைப் பார்க்கலேன்னா, நிக்க மாட்டார்னுதான் எழுத முடியும்."

"நான் நிப்பேன்!" என்றார் இங்வால்ட்.

"நீங்க சொன்னாப் போதாது."

"அப்ப பாரு!"

"நிக்க விடமாட்டேங்கறாங்களே."

"நிக்க முடியாதது நானா, இவங்களா?"

குன்வோர் ஃபாரத்தைப் புரட்டிப் பார்த்தாள், நேர்மையாகவே. "அப்படி ஒரு கேள்வி இதுல இல்ல." பிறகு, ஆறுதலாக இருக்கட்டும் என்று, "நல்ல அறை இங்வால்ட். ஜன்னல் இருக்கு" என்றாள்.

"ஜன்னலுக்கு வெளிய?"

"பார்க்கிங்."

அன்று சாப்பாட்டுக்கு வந்த ரொட்டியையும் பழுப்புச் சீஸையும் இங்வால்ட் தொடவில்லை. வீட்டில் அவருக்கு ஒன்றும் புதையல் காத்திருக்கவில்லை. ஒரு அடுப்பு, ஒரு காபிக் கெட்டில், நினைத்த நேரத்தில் எழுந்து போய் அதை அடுப்பில் வைக்கிற உரிமை. அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்கிறவனுக்குக்கூட இந்த நாட்டில் கிடைத்துவிடுகிறது.

"சாப்பிடும்" என்றார் யோருன் அம்மாள். "பட்டினி கிடந்தா இன்னும் கால் நடுங்கும்."

"நடுங்கட்டும். நிக்கவா போறேன்."

"அதுவும் சரிதான். அப்ப அந்தச் சீஸை இங்க தள்ளும்."

மே பதினேழு விடிந்தது. குடும்பங்கள் வந்து தங்கள் பெரியவர்களுக்கு அலங்காரம் செய்தன. யோருன் அம்மாள் கம்பளிப் பாவாடை, பூவேலை ரவிக்கை, மார்பில் வெள்ளிப் பதக்கங்கள் என்று இந்தப் பள்ளத்தாக்கின் முழு விழாக்கோலத்தில் உட்கார்ந்திருந்தார். கீழே மஞ்சள் காலுறை. இங்வால்டுக்கு மேலே கறுப்புக் கோட்டு, டை, மூவர்ண ரிப்பன்; கீழே ஆஸ்பத்திரிப் பைஜாமா. கால்சட்டை அலமாரியில் இருந்தது. நிற்கப்போகாதவனுக்கு எதற்குக் கால்சட்டை என்று யாரும் எடுக்கவில்லை.

பன்னிரண்டு நாற்காலிகளையும் பிறை வடிவத்தில் போட வைத்தார் ப்ரேபென். ஓரத்தில் மேஜை, அதில் க்ரீம் கேக். கேக்கின் மேல் ஸ்ட்ராபெரிகளால் ஒரு பூஜ்யம். ஊர் பேண்டு வருவதாக இருந்தது. பேண்டு மாஸ்டரிடம் அவர் முந்தின நாளே சொல்லிவிட்டார்: "முதல்ல தேசிய கீதம். எல்லாச் சரணமும். ஒண்ணையும் விடாதீங்க."

சீசெல் அருகே வந்து, "ப்ரேபென், தேசிய கீதம் வேணுமா?" என்றாள்.

"தேசிய கீதம் இல்லாம மே பதினேழா?"

"இல்ல, இவங்கெல்லாம்..."

"சீசெல். சில தருணங்கள்ல நாம பெருசா யோசிக்கணும்."

சீசெல் சரி என்று பெரிதாக யோசிக்கப் போய்விட்டாள். கேக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

ப்ரேபெனையும் குறை சொல்ல முடியாது. தேசிய கீதம் கேட்ட இடத்திலெல்லாம் அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பவர். மேடையில், வரவேற்பு வரிசையில், கையில் ஏதோ ஒரு கோப்பையோடு. மற்றவர்கள் அதற்காக எழுந்திருக்கிறார்கள் என்கிற விஷயம் அவர் கண்ணில் பட்டதே இல்லை.

பேண்டு உள்ளே வந்தது. கடைசி வரிசையில், தன்னைவிடப் பெரிய பித்தளை ஊதுகுழலான ட்யூபாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குன்வோர் நின்றாள். இங்வால்ட் அவளைப் பார்த்தார். அவள் இங்வால்டைப் பார்க்கவில்லை. லீவு.

மேயர் தொண்டையைக் கனைத்தார். பேண்டு மாஸ்டர் குச்சியைத் தூக்கினார்.

முதல் சுரம் இறங்கியதுதான் தாமதம். பன்னிரண்டு ஜோடிக் கைகள் நாற்காலியில் ஊன்றின. யாரும் யாரையும் பார்க்கவில்லை, யாரும் யோசிக்கவில்லை. பிறந்ததிலிருந்து செய்துவந்ததை உடம்பு தானே செய்தது. மழையிலும் ஆலங்கட்டியிலும் பள்ளிக்கூட முற்றத்தில் நின்ற கால்கள், அந்நியர் ஆண்ட வருஷங்களில் கதவைச் சாத்திக்கொண்டு இதே கீதத்துக்காகச் சமையலறையில் நின்ற பெற்றோருக்குப் பிறந்த கால்கள், கிணற்றிலிருந்து ஏறி வந்தன. தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் தூங்கியபடியே எழுந்து நின்றார். பன்னிரண்டு மணிகளும் ஒன்றாகக் கூவின. பேண்டு அதையும் மீறி வாசித்தது. மணிகள் சுருதி சேரவில்லை. அதனால் கெட்டுப்போகிற அளவுக்கு அந்த பேண்டும் சுருதியில் இல்லை.

ப்ரேபெனால் அசைய முடியவில்லை. கீதம் ஒலிக்கும்போது யாரும் அசைவதில்லை; பக்கத்திலேயே மேயர் வேறு. கைகளைத் தொடையோடு ஒட்டி, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். விழிகள் மட்டும் பன்னிரண்டு திசைக்கும் ஓடின. வாயோரத்தால், "உக்காருங்க" என்றார். யோருன் அம்மாள் பாடிக்கொண்டே திரும்பி, சாவு வீட்டில் விசில் அடித்தவனைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

இரண்டாம் சரணம். மூன்றாம் சரணம். யாருக்கும் வார்த்தை தெரியாத சரணங்கள் வந்தன. எல்லாரும் வாயை அசைத்தார்கள்.

நான்காவதில் இங்வால்டின் முட்டி ஆட ஆரம்பித்தது. முதலில் வலது, பிறகு இரண்டும். கூச்சமாக இருந்தது, பிறகு பயமாக இருந்தது. இத்தனை நாள் "நிப்பேன், நிப்பேன்" என்று கத்தினாரே, உண்மையில் முடியாதோ? ப்ரேபென் சொல்வதுதான் சரியோ? இந்த நினைப்பு நடுக்கத்தைவிட மோசமாக இருந்தது. குன்வோரைப் பார்த்தார். அவள் கன்னம் உப்பி, கண் ஸ்வரத்தாளில் பதிந்திருந்தது. பார்க்க வேண்டிய ஒரே ஜோடிக் கண்கள் வேறு எங்கோ இருக்கும்போது தான் எவ்வளவு அழகாக நிற்கிறோம் என்று அவருக்கு அழுகை வந்தது. பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

கடைசிச் சரணம் முடிந்தது. மணிகள் மட்டும் கூவின.

யாரும் உட்காரவில்லை. அடமில்லை, உட்கார முடியவில்லை. எழுவதற்குக் கீதம் உதவியது, உட்கார்வதற்கு எதுவும் உதவவில்லை. நாற்காலி பின்னால் எங்கோ பள்ளத்தில் இருந்தது. பன்னிரண்டு பேரும் காற்றில் பிர்ச் மரங்கள் ஆடுகிற மாதிரி மெல்ல ஆடினார்கள்.

ப்ரேபென் மனசுக்குள் கணக்குப் போட்டது வெளியே தெரிந்தது. ஆடுகிறவர்கள் பன்னிரண்டு. பிடிப்பதற்கு அவரும் சீசெலும். ஒருவரைப் பிடித்தால் இன்னொருவர் போவார். மேயர் கையில் பட்டயம். பிறகு அவர் பார்வை வாசலுக்குப் போயிற்று. சிவப்புப் பட்டைக்குப் போயிற்று.

"கதவைத் திற!" என்று கத்தினார். "ஊர்வலம்! மே பதினேழுன்னா ஊர்வலம்தானே! பேண்டு முன்னால போங்க, எல்லாரும் பின்னால! வெளிய, வெளிய!"

பேண்டு மாஸ்டருக்குச் சந்தோஷம். நடை வாத்தியம் கிளம்பியது. ஊர்வலம் என்றால் ஊர்வலம்தான். ஆயுசு முழுக்க இந்தத் தேதியில் நடந்தவர்கள். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து, கொடியைப் பிடித்துக்கொண்டு, ரப்பர் புள்ளிகள் கீச்கீச்சென்று கத்த, நகர்ந்தார்கள்.

"சீக்கிரம், சீக்கிரம்! கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் என்ன வேணா பண்ணுங்க!" ப்ரேபென் பின்னாலிருந்து கையை வீசினார், கோழி விரட்டுகிற மாதிரி.

"ரெண்டு வாரமா நடக்காதேன்னான்" என்றார் யோருன் அம்மாள், இங்வால்டின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. "இப்ப ஓடுங்கறான். இவனுக்கெல்லாம் படிப்புச் செலவு யார் பண்ணினாங்க?"

"நீயும் நானும்தான். வரி கட்டினோமே."

கடைசி ஆள் பட்டையைத் தாண்டியதும் ப்ரேபென் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அவருக்குப் பின்னால் வார்டு காலியாக இருந்தது; மணிகளைச் சீசெல் அணைத்திருந்தாள். ஒருவர்கூட விழவில்லை; விழுவதற்கு ஒருவர்கூட இல்லை. மேயர் ஒரு கையில் கேக் தட்டோடு வந்து, பட்டயத்தை மறு கையால் நீட்டினார். ப்ரேபென் அதைப் பணிவோடு வாங்கிக்கொண்டார்.

நடைகூடத்தின் முனையில் மாடிப்படி. ஊர்வலம் அங்கே மூச்சுவாங்க நின்றது; பேண்டு மட்டும் மெல்ல வாசித்துக்கொண்டிருந்தது. இங்வால்ட் படியைப் பார்த்தார், குன்வோரைப் பார்த்தார்.

"குன்வோர், பாரு. ஏறிக் காட்டறேன்."

"இன்னைக்கு லீவு இங்வால்ட்."

"கண்ணுக்குமா லீவு?"

"வேலை நாள்ல பார்த்தாத்தான் பார்த்ததா அர்த்தம். லீவு நாள்ல பார்க்கணும்னா ஓவர்டைம். அதுக்கு மேயர் சம்மதிக்கணும்."

"மேயர் அங்கதான் கேக் தின்னுட்டு நிக்கறாரு!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாயில் க்ரீமோடு மேயர் விழித்தார். எதிர்பாராத இடத்திலிருந்து உதவி வந்தது. "குடுத்துடுங்க" என்றார் ப்ரேபென், அவசரமாக. "இவர் வீட்டுக்குப் போறது எல்லாருக்கும் நல்லது. அந்த முட்டியைப் பாருங்க. இதை என் வார்டுல திரும்ப வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"

மேயர் விழுங்கினார். "கால் மணி நேரம். அதுக்கு மேல நகராட்சி தாங்காது."

குன்வோர் ட்யூபாவைத் தரையில் கிடத்தினாள். ப்ரேபென் அதைச் சந்தேகத்தோடு பார்த்தார். அது கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதை உறுதிசெய்துகொண்டு விட்டுவிட்டார்.

"இப்ப பார்க்கறேன்" என்றாள் குன்வோர். குரலே மாறிவிட்டது. "வீட்டுல எத்தனை படி?"

"அஞ்சு."

"ஏறுங்க."

இங்வால்ட் கைப்பிடியைப் பிடித்தார். முதல் படி வந்தது. இரண்டாவது, கால் கொஞ்சம் யோசித்தது. மூன்றாவதில் பைஜாமா இறங்கப் பார்த்தது. கையை எடுத்து அதைப் பிடிப்பதா, கைப்பிடியைப் பிடிப்பதா என்று ஒரு கணம் தர்மசங்கடம்.

"விடும், இறங்கட்டும்!" என்று கீழிருந்து யோருன் அம்மாள் கத்தினார். "பார்க்காததா?"

"நீ எங்க பார்த்த?"

"போஸ்ட்மாஸ்டர் எல்லாத்தையும் பார்த்திருக்கேன்!"

நான்கு. ஐந்து. மேலே நின்று திரும்பினார். தொடை நெருப்பாக எரிந்தது, முகத்தில் சிரிப்பு.

"இப்ப இறங்குங்க" என்றாள் குன்வோர்.

இறங்குவதைப் பற்றி அவர் யோசித்திருக்கவில்லை. முதல் இரண்டு படி சரியாக வந்தன. மூன்றாவதில் வலது முட்டி, அறிவிப்பில்லாமல், மடங்கியது. கைப்பிடியில் கை வழுக்கியது. மீதிப் படிகளைப் பிட்டத்தாலேயே எண்ணிக்கொண்டு வந்து, மஞ்சள் காலுறை இரண்டும் விரிந்து, தரையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

நடை வாத்தியம் பாதிச் சுரத்தில் நின்றது. அந்த நிசப்தத்தில், சிவப்புப் பட்டைக்குப் பின்னாலிருந்து ப்ரேபெனின் குரல் மட்டும் கேட்டது. "பராமரிப்புத் துறை! அது பராமரிப்புத் துறை!"

சீசெல் ஓடி வந்தாள். குன்வோர் கையை நீட்டி மறித்தாள். "தொடாதே."

"அடிபட்டிருக்கும்!"

"அடிபட்டுச்சா?" என்று குன்வோர் இங்வால்டிடம் கேட்டாள்.

இங்வால்ட் தன்னைத் தானே ஒரு சுற்று விசாரித்தார். பிட்டம் வலித்தது. மானம் வலித்தது. மற்றதெல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. "இல்ல" என்றார்.

"அப்ப தொடாதே. என் நேரம் இன்னும் முடியல."

முடிந்தது கதை என்று நினைத்தார் அவர். பார்க்கிங்கைப் பார்த்த ஜன்னல். வருகிற கார்களுக்கு உட்கார்ந்தபடியே மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கலாம். எல்லாரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்; அது பொறுக்கவில்லை. பக்கவாட்டில் புரண்டார். முழங்காலுக்கு வந்தார். கோட்டு சுருண்டு தலைவரை ஏறிற்று. கைப்பிடியின் கம்பியை ஒரு கையால் எட்டிப் பிடித்து, ஒரு பாதத்தை ஊன்றி, கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி, எழும்பினார். பாதியில் நின்றது. இன்னொரு கெட்ட வார்த்தை, இது பழையது, அவருடைய அப்பா குதிரைக்குச் சொன்னது. அதில் முழுக்க எழுந்துவிட்டார். நெடு நேரம் ஆயிற்று. மேயர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தியிருந்தார்.

"விழுந்தீங்க" என்றாள் குன்வோர்.

"விழுந்தேன்."

"விழறதுக்கு என் ஃபாரத்துல இடமே இல்ல. எல்லாரும்தான் விழறாங்க. 'கீழே இருந்தால் தானாக எழுவாரா'ன்னு ஒரு கேள்வி இருக்கு. இந்த வார்டுல அதை நான் இதுவரைக்கும் நிரப்பினதே இல்ல. யாரையும் விழவே விடமாட்டேங்கறாங்க, எழுவாங்களான்னு எப்படித் தெரியும்?" குனிந்து ட்யூபாவைத் தூக்கிக்கொண்டாள். "வீட்டுக்குப் போங்க. அந்த இறக்கத்துக்கு நான் பதிமூணுகூடப் போட மாட்டேன். இருந்தாலும் போங்க."

யோருன் அம்மாள் கை தட்டினார். மற்றவர்களும், பிடித்துக்கொண்டிருந்ததை விடாமல், ஒரு கையால் தங்கள் தொடையில் தட்டினார்கள்.

அந்த விழுதல் யாருடையது என்பது இன்றுவரை தீரவில்லை. ப்ரேபென் அதைப் பராமரிப்புத் துறைக்கு அனுப்பினார். பராமரிப்புத் துறை, தங்களிடம் நோயாளிகளே கிடையாது, ஆகவே விழுவதற்குத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று திருப்பி அனுப்பியது. பலகையில் பூஜ்யம் அப்படியே இருக்கிறது. பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள்.

அன்றைக்கு இங்வால்ட் தன் கால்சட்டையை எடுக்க வார்டுக்குத் திரும்பியபோது, ப்ரேபென் கையை விரித்துக்கொண்டு வாசலை மறித்தார்.

"நீங்க உள்ள வரக் கூடாது. நீங்க இப்ப விழுந்தவர்."

"கால்சட்டை எடுக்கணும்யா!"

"சீசெல் கொண்டுவருவா. பட்டையைத் தாண்டாதீங்க."

மற்றவர்கள் சக்கர நாற்காலிகளில் ஒவ்வொருவராக உள்ளே அனுமதிக்கப்பட்டார்கள். வரிசை நீண்டு போயிற்று. யோருன் அம்மாள் தன் முறை வந்தபோது, "அவங்க முதல்ல போகட்டும், நான் இன்னும் ஒரு சுத்து சுத்திட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, வெள்ளிப் பதக்கங்கள் கிலுகிலுக்க, நடைகூடத்தில் எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தார். "நடுவரே, வார்டுக்குக் கடிதம் போடும்!" என்றார் திரும்பாமலே. "படிச்சிட்டுத்தான் குடுப்பேன், ஆனா போடும்!"

விடுமுறை நாளில் டாக்சி கிடைக்கவில்லை. பேண்டு வேனில், ட்யூபாவுக்கும் பெரிய மத்தளத்துக்கும் நடுவே, சீசெல் கொண்டுவந்த கால்சட்டையோடு இங்வால்ட் உட்கார்ந்தார். குன்வோர் ஓட்டினாள். வழியெல்லாம் தெருவில் கொடிகளும் ஐஸ்க்ரீம் வாய்களும். அவர் வீட்டு முன்னால் வேன் நின்றது.

"படியில நான் உதவ மாட்டேன்" என்றாள். "என் ஓவர்டைம் முடிஞ்சுது."

"யாரு கேட்டா?"

அவர் இறங்கினார். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொன்றிலும் நின்று நின்று ஏறினார். குன்வோர், தான் எதையும் பார்க்கவில்லை என்பது ஊருக்கே தெரியட்டும் என்கிற மாதிரி, எதிர்ப்பக்கத்து வேலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் வண்டியை எடுத்தாள்.